பார்ப்பவரும் சுரண்டுபவரும்

தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் நாங்கள் முதன்முதலாகக் கால் வைத்த அன்றே ஒருவர் வந்து கதவைத் தட்டினார். கதவு என்பது பேச்சுக்குத்தான். ஆறு நாள் ஊறி உப்பிப்போய், சட்டத்தில் உட்காராமல், சாத்தவும் முடியாமல் திறந்தே கிடந்தது. 2017 செப்டம்பர் முதல் வாரம். ஹியூஸ்டனுக்கு மேற்கே, பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய குடியிருப்பு. 1940களில் ராணுவப் பொறியாளர்கள் எழுப்பிய மண்கரைக்கு உட்பக்கம், வெள்ளக் காலத்தில் நீர் தேங்கக்கூடிய நிலத்தில் வீடு கட்டி விற்றிருக்கிறார்கள் என்பது, ஹார்வி புயலின் மழை வந்து நின்ற பிறகுதான் எங்கள் தெருவில் பலருக்கும் தெரிந்தது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் ஏரிக்குள் வீடு. சென்னையில் ஏரிக்குள் வீடு வாங்கியவர்களைப் பற்றி நான் எவ்வளவு வாய் கிழியப் பேசியிருப்பேன்!

வந்தவர் இளைஞர், மரியாதையானவர். நனையாத பூட்ஸ் போட்டிருந்தார். இலவசமாகப் பரிசோதித்துத் தருவதாகச் சொன்னார். டார்ச் விளக்கு மாதிரி ஒரு கருவியைச் சுவரில் வைத்தார், அது கீச்சிட்டது. ஈரச் சுவரில் வைத்தால் கீச்சிடத்தானே செய்யும்? அது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. வரவேற்பறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு மேலே கரும்புள்ளிகள் பூத்திருந்தன, கோலப்பொடியில் கரி கலந்து தூவியது போல. என் மகளுக்கு அப்போது நான்கு வயது, வீஸிங் உண்டு. என் மனைவி கையில் இன்ஹேலர் இருந்ததை அவர் கவனித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சுவரைப் பார்த்துப் பேசவில்லை, இன்ஹேலரைப் பார்த்தே பேசினார். இது ‘பிளாக் மோல்ட்’, நச்சுப் பூஞ்சை, குழந்தைகளின் நுரையீரலில் ரத்தம் கசிய வைக்கும், இன்றே ஆரம்பித்தால் 28,000 டாலரில் முடித்துத் தருகிறோம், நாளைக்கு எங்கள் ஆட்கள் வேறு தெருவுக்குப் போய்விடுவார்கள். டேப்லட்டை நீட்டினார். விரலால் கையெழுத்துப் போட்டால் போதும்.

எங்களிடம் வெள்ளக் காப்பீடு இல்லை. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. ஆக அந்த 28,000 முழுக்க எங்கள் பணம். அப்படி இருந்தும் விரல் திரைக்கு அருகே போய்விட்டது. குழந்தையை வைத்துக்கொண்டு யாரால் பேரம் பேச முடியும்?

அந்த நேரத்தில்தான் அண்ணாச்சி போன் செய்தார். தூத்துக்குடிக்காரர், முப்பது வருடங்களுக்கு மேலாக ஹியூஸ்டனில் இருப்பவர், சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2001இல் அலிசன் புயல் வெள்ளத்தில் ஒரு தடவை சொந்த வீட்டை உரித்துக் காயவைத்த அனுபவம் அவருக்கு உண்டு. விஷயத்தைச் சொன்னேன்.

“பாத்துச் சொல்லுதவனும் அவனே, அள்ளிட்டுப் போறவனும் அவனேன்னா கணக்கு எப்படித் தம்பி சரியா வரும்? கையெழுத்துப் போட்டுராதீங்க. இந்த ஊர்ல அதுக்குச் சட்டமே இருக்கு.”

இளைஞரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் முகத்தில் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது. போய்விட்டார்.

அண்ணாச்சி சொன்ன சட்டத்தைத் தேடிப் போனவன்தான், அதன் பின்னால் இருந்த நீண்ட கதைக்குள் விழுந்தேன். வீட்டைப் பிரித்துப்போட்டுவிட்டு ஒரு ஓட்டல் அறையில் மூன்று பேரும் இருந்த வாரங்களில், குழந்தை தூங்கிய பிறகு படித்தவை இவை.

*

சுவரில் படரும் பூஞ்சையை யார் பார்ப்பது, யார் தீர்ப்புச் சொல்வது, யார் அகற்றுவது என்பதற்கு எழுதிவைத்த மிகப் பழைய விதிமுறைகளில் ஒன்று பைபிளின் லேவியராகமத்தில் இருக்கிறது, 14ஆம் அதிகாரத்தில். தமிழ் பைபிளில் அதன் பெயர் குஷ்டதோஷம். மனிதத் தோலுக்கு வரும் நோயும் சுவருக்கு வரும் நோயும் அந்நூலில் அடுத்தடுத்துப் பேசப்படுகின்றன.

நடைமுறை இப்படி. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவான கறை தெரிந்தால் வீட்டுக்காரர் ஆசாரியரிடம் போய்த் தெரிவிக்க வேண்டும். ஆசாரியர் வருவதற்கு முன்பே வீட்டைக் காலி செய்யச் சொல்வார். வந்து பார்ப்பார். கறை சுவரின் மேற்பரப்பைவிட ஆழமாக இருந்தால் வீட்டை ஏழு நாள் அடைத்து வைப்பார். ஏழாம் நாள் திரும்ப வந்து, பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே அசுத்தமான இடத்தில் போடவும், உட்சுவரைச் சுற்றிலும் சுரண்டவும், வேறு கல் வைத்து வேறு சாந்து பூசவும் உத்தரவிடுவார். அதன் பிறகும் வந்தால் வீட்டை இடிக்க வேண்டியதுதான். வராவிட்டால் வீடு சுத்தம் என்று அறிவித்துச் சடங்கு செய்வார்.

ஓட்டல் கட்டிலில் இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பரிசோதனை, அடைப்பு, பாதிக்கப்பட்ட பாகத்தை அகற்றுதல், மறுபரிசோதனை, சான்றிதழ். சடங்கில் வரும் இரண்டு குருவிகளைத் தவிர மற்ற அத்தனையும் இன்றைக்கு டெக்சஸில் நடைமுறை.

இதைவிட என்னை ஈர்த்தது, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூல். அதில் இந்தத் தோஷங்களுக்கென்றே நெகாயிம் என்று ஒரு பகுதி இருக்கிறது. வழக்கறிஞர் மூளை என்றால் என்ன என்று அங்கே பார்க்கலாம். வீட்டுக்காரர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், வீட்டில் தோஷம் இருக்கிறது என்று அடித்துச் சொல்லக் கூடாது. தோஷம் போல ஏதோ தெரிகிறது என்றுதான் ஆசாரியரிடம் சொல்ல வேண்டும். முடிவு சொல்வது அவருடைய வேலை. பார்வை மங்கியவர் பரிசோதிக்கக் கூடாது. இருண்ட வீட்டில் கறையைத் தேடுவதற்காகப் புதிதாக ஜன்னல் திறக்கக் கூடாது. எந்த மனிதரும் தன்னுடைய தோஷத்தைத் தானே பரிசோதிக்கக் கூடாது, உறவினருடையதையும் பார்க்கக் கூடாது என்கிறார் ஒரு ரபி. வீட்டை ஏன் முதலில் காலி செய்யச் சொல்கிறார்கள்? தீட்டு என்று அறிவித்தபின் உள்ளே இருக்கும் பொருளெல்லாம் தீட்டாகிவிடும். வீட்டுக்காரரின் மண்பாண்டங்கள் வீணாகிவிடக் கூடாது என்ற அக்கறைதான் அதற்குக் காரணமாம்.

இப்படி ஒரு வீடு உண்மையில் எப்போதாவது இருந்ததா என்பதில் தல்மூது காலத்து அறிஞர்களுக்கே கருத்து வேறுபாடு உண்டு. இருந்ததே இல்லை, இருக்கப்போவதும் இல்லை, படித்துப் பயன்பெறுவதற்காக எழுதப்பட்டது என்று ஒரு கட்சி. எனக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. ஒருவருடைய வாயிலிருந்து வரும் ஒரு சொல் இன்னொருவருடைய வீட்டை இடித்துவிடும் என்றால், அந்த வாய் யாருடையது, அதற்கு அதில் என்ன லாபம் என்று ஈராயிரம் வருடங்களுக்கு முன்பே கவலைப்பட்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஆசாரியர் பார்க்கிறார், உத்தரவிடுகிறார். சுரண்டுவதும் கல் சுமப்பதும் வேறு ஆட்கள்.

*

கரும்புள்ளிக்கு வருவோம். அந்த இளைஞர் உச்சரித்த பூஞ்சையின் பெயர் ஸ்டாக்கிபாட்ரிஸ். 1837இல் ப்ராக் நகரத்தில் ஆகஸ்ட் கோர்டா என்பவர் அதை முதன்முதலாக விவரித்தார். எங்கே கண்டெடுத்தார்? காட்டில் இல்லை, ஒரு வீட்டின் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில். ஈரமான காகிதம், அட்டை, வைக்கோல் என்றால் அதற்கு உயிர். தாவர நார்தான் அதன் சோறு.

எங்கள் தாத்தா வீடு நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் வீடு. ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் அடிக்கும், பச்சையாகப் பாசி பிடிக்கும், பாட்டி திட்டுவாள். தை பிறக்குமுன் சுண்ணாம்பு கரைத்து வெள்ளையடித்தால் போயிற்று. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் தழைக்காது. சுவருக்குள் போன ஈரம் காரை வழியாகவே வெளியே வந்து காய்ந்துவிடும். அந்த வீட்டுக்குப் பூஞ்சை அகற்றும் கம்பெனி என்று ஒன்று தேவைப்படும் என்று சொல்லியிருந்தால் தாத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார்.

அமெரிக்க வீடு வேறு ஜாதி. மரச்சட்டம், நடுவில் பஞ்சு மாதிரி வெப்பத்தடை, இரண்டு பக்கமும் ‘ட்ரைவால்’. இரண்டு காகிதங்களுக்கு நடுவே ஜிப்சத்தை வைத்து அழுத்திய பலகை அது. 1894இல் அகஸ்டீன் சாக்கெட் என்பவர் இதன் முன்னோடிக்குக் காப்புரிமை வாங்கினார். 1917இல் ‘ஷீட்ராக்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் லட்சக்கணக்கில் வீடுகள் வேகமாகக் கட்டவேண்டி வந்தபோது, ஈரச் சாந்து பூசிக் காயக் காத்திருக்கும் கொத்தனாரின் இடத்தை இந்தப் பலகை பிடித்துக்கொண்டது. வேலை சீக்கிரம் முடியும், விலையும் குறைவு. ஆனால் கோர்டா கண்ட பூஞ்சைக்கு வீடு முழுக்கச் சாப்பாடு ஒட்டிவைத்தது போலவும் ஆயிற்று.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக வீடுகளை இடுக்கில்லாமல் அடைத்துக் கட்ட ஆரம்பித்தார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழி குறைந்தது. ஹியூஸ்டன் போன்ற ஊரில் வெளியே புழுக்கம், உள்ளே ஏசி. குளிர்ந்த பலகையின் பின்புறம் வியர்க்கும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சை வரும் என்பது அமெரிக்க அரசு அமைப்புகள் எல்லாம் சொல்லும் கணக்கு. எங்கள் வீட்டில் தண்ணீர் நின்றது ஆறு நாள்.

*

சுவரில் பூஞ்சை எப்போதும் இருந்திருக்கிறது. அது பீதியாகவும் அந்தப் பீதி ஒரு தொழிலாகவும் ஆனது 1990களில்.

1993, 94இல் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் பத்துக் கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. தேசிய நோய்த்தடுப்பு மையத்தின் ஆய்வாளர்கள் அவர்களுடைய வீடுகளைச் சோதித்தார்கள். தண்ணீர் புகுந்த வீடுகள், அவற்றில் ஸ்டாக்கிபாட்ரிஸ். தொடர்பு இருக்கலாம் என்று அறிக்கை வந்தது. செய்தித்தாள்களில் அந்த ‘இருக்கலாம்’ காணாமல் போனது. 2000 மார்ச்சில் அதே மையம் தன்னுடைய ஆய்வை மறுபரிசீலனை செய்து, அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று வெளியிட்டது. தோஷம் என்று சொல்லாதே, தோஷம் போல என்று சொல் என்ற மிஷ்னாவின் விதி எனக்கு இந்த இடத்தில் ஞாபகம் வந்தது. ஆனால் திருத்தம் எப்போதும் மெதுவாகத்தான் நடக்கும். பதினேழு வருடம் கழித்தும் எங்கள் வாசலில் நின்றவருக்கு அது வந்து சேர்ந்திருக்கவில்லை.

இதை வைத்துப் பூஞ்சை சாது என்று முடிவுகட்ட வேண்டாம். 2004இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூக்கு, தொண்டை எரிச்சலும் இருமலும் இளைப்பும் வருவதற்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மோசமாவதற்கும் போதுமான சான்று இருக்கிறது என்றது. ரத்தக் கசிவு போன்ற பயங்கரங்களுக்குச் சான்று போதாது என்றது. என் மகளைப் பொறுத்தவரை முதல் வாக்கியமே போதும். அந்த இளைஞர் உண்மையைச் சொல்லியிருந்தாலே நான் பயந்திருப்பேன். ஏன் பொய்யைச் சொன்னார் என்பதுதான் இன்றும் புரியவில்லை.

டெக்சஸின் கதை மெலிண்டா பாலார்ட் வீட்டிலிருந்து தொடங்குகிறது. ஆஸ்டினுக்குப் பக்கத்தில் ட்ரிப்பிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர். சொட்டும் ஊற்றுகள் என்று பொருள். பெயரே வம்பு. அங்கே 22 அறைகள் கொண்ட மாளிகை. 1990களின் இறுதியில் குழாய்க் கசிவால் மரத்தளம் உப்பியது. காப்பீட்டு நிறுவனமான ஃபார்மர்ஸுடன் இழுபறி. பூஞ்சை பரவியது. 1999இல் குடும்பம் வீட்டை விட்டு வெளியேறியது. வழக்குத் தொடுத்தார். 2001 ஜூனில் ஜூரிகள் அவருக்கு 32 மில்லியன் டாலர் வழங்கச் சொன்னார்கள். நாடெங்கும் பூஞ்சை வழக்கு என்று பேரெடுத்தது. உண்மையில், பூஞ்சையால் உடல்நலம் கெட்டது என்ற மருத்துவ வாதத்தை நீதிபதி ஜூரிகளின் முன் வைக்கவே அனுமதிக்கவில்லை. ஜூரிகள் தண்டித்தது கோரிக்கையை நிறுவனம் கையாண்ட விதத்தை. 2002 இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தொகையைச் சுமார் 4 மில்லியனாகக் குறைத்தது. 32 எல்லோருக்கும் தெரியும், 4 யாருக்கும் தெரியாது.

அந்தத் தீர்ப்பு வந்த அதே மாதத்தில்தான் அலிசன் புயல் ஹியூஸ்டனை மூழ்கடித்தது. அண்ணாச்சி வீட்டை உரித்தது அந்தச் சூட்டில். தெருத்தெருவாகப் பரிசோதகர்கள் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வந்தார்களாம். “நேத்து வரைக்கும் கார்பெட் கழுவுனவன் இன்னிக்கு டாக்டர் மாதிரி பேசுதான்” என்றார். அவர் கிண்டலாகச் சொன்னதில் வரலாறும் இருக்கிறது. நீர்ச்சேதச் சீரமைப்புக்கு இன்று உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் தரநிலைகளை எழுதும் ஐஐசிஆர்சி என்ற அமைப்பு, 1972இல் கம்பளம் துப்புரவு செய்பவர்களின் அமைப்பாகப் பிறந்ததுதான். நனைந்த கம்பளத்தை உறிஞ்சும் இயந்திரம் யாரிடம் இருந்ததோ அவர்களைத்தான் வெள்ளம் வந்தபோது மக்கள் கூப்பிட்டார்கள். அப்படித் தொழில் வளர்ந்தது. நீர்ச்சேதத் தரநிலை 1994இலும், பூஞ்சைக்கான தரநிலை 2003இலும் வந்தன. நல்ல தரநிலைகள்தான். கம்பளம் கழுவியவர்கள் படிப்படியாகக் கற்றுச் சேர்த்த அறிவு அது. ஆனால் தரநிலை யாரையும் கட்டுப்படுத்தாது.

டெக்சஸில் பூஞ்சைக் கோரிக்கைகள் மளமளவென்று பெருகின. காப்பீட்டு நிறுவனங்கள் ஒப்பந்தங்களில் பூஞ்சையை விலக்க ஆரம்பித்தன. பரிசோதிப்பவர் பெரிதாகச் சொன்னால் அகற்றுபவருக்கு லாபம், இருவரும் ஒரே ஆள். 2003இல் மாநிலச் சட்டமன்றம் பூஞ்சைத் தொழிலுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் இயற்றியது. அதன் உயிர்நாடி ஒரே விதி. ஒரு வீட்டில் மதிப்பீடு செய்பவர் அதே வேலையில் அகற்றும் பணியைச் செய்யக் கூடாது. இரண்டு கம்பெனிப் பெயர் வைத்துக்கொண்டு ஒருவரே இரண்டிலும் பங்கு வைத்திருப்பதும் கூடாது. மதிப்பீட்டாளர் எதை, எதுவரை அகற்ற வேண்டும் என்று எழுத்தில் தருவார். ஒப்பந்ததாரர் அதன்படி செய்வார். முடிந்ததும் மதிப்பீட்டாளர் திரும்ப வந்து பார்ப்பார். அவர் சரி என்ற பிறகே வீட்டுக்காரருக்குச் சான்றிதழ். தொடர்ச்சியாக 25 சதுர அடிக்குக் குறைவான பூஞ்சைக்கு உரிமம் வேண்டியதில்லை.

பிறகு ஃப்ளோரிடா, நியூயார்க் போன்ற மாநிலங்களும் இதே பிரிவினையைச் சட்டமாக்கின. கலிஃபோர்னியாவில் இன்றும் பூஞ்சை அகற்றத் தனி மாநில உரிமம் கிடையாது. ஃப்ளோரிடாவில் இன்னொரு தொல்லை இருந்தது. நனைந்த வீட்டு வாசலில் வைத்து, காப்பீட்டு உரிமையையே ஒப்பந்ததாரருக்கு மாற்றிக் கையெழுத்து வாங்குவது. அப்புறம் அவர் பில் போடுவார், அவரே வழக்கும் போடுவார். 2022 டிசம்பரில்தான் அதற்குப் புதிய சட்டம் வந்தது. 2023 முதல் எழுதப்படும் வீட்டுக் காப்பீடுகளில் இப்படி மாற்றிக் கொடுக்க முடியாது.

*

இனி எங்கள் கதை. இளைஞர் போன மறுநாள், வேலையிடத்து நண்பர்களும் தமிழ் நண்பர்களுமாகப் பதினொரு பேர் வந்தார்கள். சொந்த வீட்டைத் தானே சுத்தம் செய்ய உரிமம் வேண்டாம். தண்ணீர் ஏறிய கோட்டுக்கு மேலே, நான்கு அடி உயரத்தில் நூல் பிடித்து, அதற்குக் கீழே ட்ரைவாலை வெட்டி எடுத்தோம். முகக்கவசத்துக்குள் வியர்வை உப்புக்கரித்தது. வெப்பத்தடைப் பஞ்சு ஈரத்தில் செத்த ஆட்டுக்குட்டி மாதிரி கனத்தது. என் அம்மா கொடுத்தனுப்பிய அப்பாவின் கடிதப்பெட்டி கீழ் அலமாரியில் இருந்தது. திறந்தபோது பழுப்பு நிற அடை போல இருந்தது. ஈரக் காகிதம். கோர்டாவின் பூஞ்சைக்கு அதுவும் சோறுதான். தெருவோரக் குவியலில் நானே கொண்டுபோய் வைத்தேன்.

பிறகு உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரைத் தேடினேன். அகற்றும் வேலையே செய்யாதவர், அதுதான் நிபந்தனை. மாநிலத் துறையின் பட்டியலில் உரிம எண்ணைச் சரிபார்த்தேன். (அந்த வருடம் நவம்பர் 1 முதல் அந்தப் பொறுப்பு சுகாதாரத் துறையிடமிருந்து வேறொரு துறைக்குப் போனது. மின்பணியாளருக்கும் முடிதிருத்துவோருக்கும் உரிமம் தரும் துறை. பூஞ்சை, நோயிலிருந்து தொழிலாக மாறியதற்கு இதைவிடச் சின்னம் வேண்டுமா?) அறுபது வயது இருக்கும் பெண்மணி அவர். கட்டணம் 600 டாலர். முழங்காலில் கட்டிய பட்டையோடு வீடு முழுக்கத் தவழ்ந்தார்.

காற்று மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டாமா என்று கேட்டேன். முதலில் வந்தவர் அதை இலவசமாகச் செய்வதாகச் சொல்லியிருந்தாரே. கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சையை ஏன் எண்ண வேண்டும் என்றார். இது எந்த வகை என்று தெரிந்தாலும் செய்யப்போவது அதே வேலைதானே, காற்றில் இத்தனை வித்துக்கு மேல் ஆபத்து என்று அரசு வரையறை எதுவும் கிடையாது, அந்தக் காசுக்கு இன்னொரு ஈரம் உறிஞ்சி வாடகைக்கு எடுங்கள் என்றார். ப்ளீச் ஊற்றவா என்றதற்கு, மரம் இன்னும் நனையும் என்றார். மரச்சட்டத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை யார் சொன்னாலும் சுவரை மூடாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

அவர் தந்த நான்கு பக்க அறிக்கையை மூன்று ஒப்பந்ததாரர்களுக்கு அனுப்பினேன். கையில் அந்த அறிக்கை இருந்ததால் பேச்சே வேறு மாதிரி இருந்தது. ஒருவர் அறிக்கையைப் படிக்காமலே வீடு முழுக்க மருந்துப் புகை போட்டால் போதும் என்றார். இன்னொருவர் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டார், உரிம எண் கேட்டதும் பதில் இல்லை. மூன்றாமவர் கேள்வி கேட்டார். சமையலறை அலமாரிகளுக்குப் பின்னால் பார்த்தீர்களா, அறிக்கையில் அது இல்லையே என்றார். அந்தக் கிரானைட் பலகையும் அலமாரிகளும் வீடு வாங்கும்போது மனைவி ஆசைப்பட்டுப் போட்டவை. கழற்றினால் மறுபடி மாட்ட முடியாது. அங்கே தண்ணீர் அதிகம் ஏறவில்லை என்று சொல்லி நான்தான் மதிப்பீட்டாளரை அந்தப் பக்கம் போகவிடாமல் பண்ணியிருந்தேன். மூன்றாமவரிடமும் அதையே சொன்னேன். தோளைக் குலுக்கினார், அதையும் ஒப்பந்தத்தில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். 9,000 டாலரில் ஒத்துக்கொண்டார்.

தன்னுடைய தோஷத்தைத் தானே பரிசோதிக்கக் கூடாது என்ற விதியை நான் அதற்குள் படித்துவிட்டிருந்தேன். படித்து என்ன?

அக்டோபரில் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, சரி என்றார். ஒப்பந்ததாரர் சான்றிதழ் தந்தார். புது ட்ரைவால் அடித்து, வண்ணம் பூசிக் குடிவந்தோம். நவம்பர் கடைசியில் ஒரு நாள் காலை மகள் சமையலறையில் நின்று, “அப்பா, இங்க பழைய வீடு வாசனை வருது” என்றாள். எனக்கு எதுவும் வரவில்லை. மனைவி குனிந்து முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு குழந்தைக்கு இரண்டு தடவை இன்ஹேலர் தேவைப்பட்டது.

மறுநாள் அந்தப் பெண்மணிக்குப் போன் செய்து, தோஷம் போல ஏதோ தெரிகிறது என்கிற தினுசில் இழுத்தேன். சனிக்கிழமை வந்தார். அலமாரியின் அடிப்பலகையைக் கழற்றி, தரையில் ஒருக்களித்துப் படுத்து, டார்ச்சை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு படுத்தபடியே கையை வெளியே நீட்டி, அளவுநாடா கேட்டார். அலமாரி, கிரானைட் எல்லாம் போனால் எவ்வளவு ஆகும் என்று நான் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். மனைவி பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே கொண்டுபோய் வைக்கத் தொடங்கியிருந்தாள்.